புண்ணாக்கைப் புல்லிடம் சேர்ப்பது யார்?

கோண்டாவிலில் புது வீடு கட்டி, முன்முற்றத்தில் புற்றரை போட்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எள்ளுப் புண்ணாக்கும் மாட்டெருவும் போட்டு இரண்டு கிழமை ஆகிறது. புல்லில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டில் யூரியா போட்டார்கள், நாலைந்து நாளில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. சேதனப் பசளை என்பதெல்லாம் வெறும் பேச்சா?"

வெறும் பேச்சு இல்லை. கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் பொறுக்க வேண்டும் என்பதில்தான் அழகான சங்கதி ஒன்று இருக்கிறது.

வேர் நைதரசனைப் பெரும்பாலும் அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும்தான் உறிஞ்சும் என்று பள்ளியில் படித்திருப்போம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஈரம் பட்டதும் மண்ணிலுள்ள நொதியம் அதைச் சில நாட்களில் அமோனியமாக உடைத்துவிடும். எள்ளுப் புண்ணாக்கில் இருப்பது சுமார் 6 சதவீதம், அதுவும் புரதத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறப்பவை பற்றீரியாவும் பங்கசும். புண்ணாக்குத் துண்டு ஒன்றை ஈர மண்ணில் புதைத்துவிட்டுச் சில நாள் கழித்துக் கிளறிப் பாருங்கள், பஞ்சு போல வெள்ளை இழைகள் அதைச் சுற்றிப் படர்ந்திருக்கும்.

ஆனால் அவை புல்லுக்காக உழைப்பவை அல்ல. தின்ற நைதரசனில் பெரும்பங்கைத் தங்கள் உடம்பிலேயே சேர்த்துக்கொள்கின்றன. அப்படியென்றால் புல்லுக்கு எடுத்துக் கொடுப்பது யார்?

அமீபா! புல்லின் வேர் மண்ணுக்குள் சர்க்கரையைக் கசியவிடும். அதைத் தேடிப் பற்றீரியா மொய்க்கும். பற்றீரியாவைத் தேடி அமீபாவும் அதன் உறவுகளும் வரும். பற்றீரியாவின் உடம்பில் 5 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் என்ற அளவில் இருக்கிறது. அமீபா அந்தக் காபனில் பெரும்பகுதியைச் சுவாசத்தில் எரித்துவிடுவதால், நைதரசன் அதற்குத் தேவைக்கு மேல் மிஞ்சிப்போகிறது. மிஞ்சியதை அமோனியமாக வெளியே தள்ளுகிறது, அதுவும் வேர்மயிருக்குப் பக்கத்திலேயே. 1985இல் சுவீடன் ஆய்வாளர் மரியான் கிளார்ஹோம் கோதுமைச் செடிகளில் இதைச் சோதித்தார். பற்றீரியா மட்டும் இருந்த மண்ணை விட, அமீபா போன்ற ஒருகல உயிர்களான புரட்டோசோவாவும் சேர்ந்த மண்ணில் செடிகள் கூடுதல் நைதரசனை எடுத்தன. எத்தனை தரம் படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. மரத்தூள், காய்ந்த சருகு போன்றவற்றில் காபன் மிக அதிகம், நைதரசன் குறைவு. அவற்றை மண்ணில் கலந்தால், பற்றீரியா தன் பற்றாக்குறைக்கு மண்ணிலிருக்கும் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். புல் மஞ்சளடித்துவிடும்.

அப்புறம் கிணறு. அமோனியத்தை வேறு சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும். களித்துணிக்கையின் மறை ஏற்றம் நேர் ஏற்றமுள்ள அமோனியத்தைப் பிடித்து வைக்கும், தன்னைப் போலவே மறை ஏற்றமுள்ள நைத்திரேற்றைப் பிடிக்காது. அது தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். எங்கள் யாழ்ப்பாணச் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமாகச் சுண்ணக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத எங்களுக்குக் குடிதண்ணீரே அதற்குள்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருக்கின்றன. சேதனப் பசளைதானே என்று அள்ளிக் கொட்டினாலும் இதேதான் நடக்கும். கிணறுகளை ஆண்டுதோறும் அளந்து ஊருக்குச் சொல்ல எவ்வளவு பணம் வேண்டும்? அதற்கு ஒதுக்காத அரசுகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம். இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையை விலக்கினார்கள். மண்ணின் உயிர்கள் பெருக எத்தனை போகம் வேண்டும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, முற்றத்துக்கு வருவோம். புண்ணாக்கைத் தூளாக்கி, சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், தூவித் தண்ணீர் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் வேண்டாம், கழுவிக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடும். இப்போது போட்டதற்கு மேல் எதுவும் போடாமல் இன்னும் இரண்டு கிழமை ஈரம் காயாமல் பாருங்கள். வெட்டிய புல்லையும் அள்ளி எறியாதீர்கள். அதிலும் நைதரசன் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும்.