அடைப்பான்: செத்த ஆட்டை ஏன் அறுக்கக் கூடாது?

2001இல் அமெரிக்காவில் அஞ்சல் உறைக்குள் வந்த தூளால் 22 பேர் நோயுற்றார்கள். 5 பேர் இறந்தார்கள். ஆந்த்ராக்ஸ் என்ற பெயர் அன்று உலகெங்கும் பரவியது. வட ஆற்காட்டில் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அது அடைப்பான் நோய். உயிரி ஆயுதம் என்று உலகம் அஞ்சும் கிருமி, நம் மேய்ச்சல் நிலத்து மண்ணிலும் இருந்துவருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நுண்ணுயிரியலாளர்கள், தென்னிந்தியாவில் இந்நோய் மனிதர்களைத் தொடர்ந்து தாக்குவதை 1990களிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள்.

இக்கிருமியின் வலிமையெல்லாம் அதன் வித்தில் (ஸ்போர்), அதாவது உறைகட்டி உறங்கும் வடிவத்தில்தான். நோயுற்ற ஆட்டின் இரத்தத்தில் இக்கிருமி கோடிக்கணக்கில் பெருகும்; ஆனால் அந்த நிலையில் அது எளிதில் மடியக்கூடியது. செத்த உடலைத் திறக்காமல் விட்டால், உள்ளே அழுகல் தொடங்கிச் சில நாட்களில் கிருமிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடும். தோலை உரித்தாலோ வயிற்றைக் கிழித்தாலோ காற்று படுகிறது. உடனே கிருமி தன்னைச் சுற்றித் தடித்த உறைகளைக் கட்டிக்கொண்டு வித்தாக மாறுகிறது. வெயில், வறட்சி எதற்கும் அசையாமல் அது மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மூக்கிலும் வாயிலும் உறையாத இரத்தம் வழியத் திடீரென்று செத்த ஆட்டைக் கறிக்காக அறுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஒவ்வொரு ஊரிலும் உரக்கச் சொல்ல வேண்டும். ஆழக் குழி தோண்டி, உடலைத் திறக்காமல் புதைப்பதே சரி.

உடலுக்குள் புகுந்த வித்து மீண்டும் கிருமியாகி, மூன்று புரதங்களைச் சுரக்கிறது. முதலாவது நம் செல்லின் மேல் வளையமாகக் கூடி வழி திறந்துவிடுகிறது. மற்ற இரண்டும் அவ்வழியே நுழைந்து நஞ்சாக வேலை செய்கின்றன. கிருமியைச் சுற்றியுள்ள வழவழப்பான கூடு, வெள்ளணுக்கள் அதை விழுங்காமல் தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மாக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் இந்தக் கூட்டை இழந்த வகையொன்றைக் கண்டெடுத்தார். கால்நடைத் தடுப்பூசிக்கு அடிப்படை அதுதான். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசியும் தயாரிக்கிறது. நம் மாவட்டத்தின் பெருமைகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் தோலில்தான் வரும்: முதலில் சிறு கொப்புளம், பிறகு வலியே இல்லாத கறுத்த புண். ஆரம்பத்திலேயே கண்டால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். மூச்சில் புகுந்தால் நிலைமை வேறு. வித்துகள் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கக்கூடும் என்பதால், வித்தைச் சுவாசித்தவர்களுக்கு 60 நாள் மருந்து தருகிறார்கள்.

1980களில் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான் குழு வட ஆற்காட்டில் ஓர் ஏற்பாடு செய்தது. தனியார் மருத்துவர்களும் தாங்கள் காணும் நோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்கள். உயிரி ஆயுதத் தாக்குதலைக் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கறுத்த புண்ணோடு வருபவரிடம் மருத்துவர், "செத்த ஆட்டை உரித்தீர்களா?" என்று கேட்கிறார். "ஆமாம்" என்றால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி மந்தைக்கு ஊசி போட வேண்டும். "ஆடு மாட்டுப் பக்கமே போகவில்லை" என்றால், யாரேனும் பரப்பியதாக இருக்கலாம்; அன்றைக்கே சுகாதாரத் துறைக்குத் தகவல் போயாக வேண்டும்.