மஞ்சள் கறையை வெயில் என்ன செய்கிறது?

கூடப் படித்த நண்பன் ஒருவன் அடுத்த மாதம் அப்பாவாகப் போகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணி டயப்பர்களைப் பார்த்துவிட்டு, "என்னடா சோப்பு போடுற, இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்று கேட்டான். சாதாரண சோப்புத்தூள்தான், கறையை எடுப்பது வெயில் என்றேன். தலையாட்டினானே தவிர, நம்பிய மாதிரி தெரியவில்லை. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் டயப்பர் துவைப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இந்த வெயில் சமாச்சாரம்தான், அதனால் அவனிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

உறிஞ்சும் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதன் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் தொகுதிகள், அவை நீரைப் பிடித்துக்கொள்ளும். இழைகளுக்கு இடையிலுள்ள சன்னமான சந்துகளில் நுண்புழை விசையால் ஈரம் பரவும், பள்ளியில் படித்ததுதான். புது டயப்பர் முதல் நாளில் சரியாக உறிஞ்சாவிட்டால் பயப்பட வேண்டாம். பருத்திக்கு இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு உண்டு, வெளுக்காத துணியில் அது இன்னும் அதிகம், நாலைந்து தடவை வெந்நீரில் துவைத்தால் போய்விடும். ஆனால் துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை, இழையில் ஒட்டிக்கொண்டு நீரை உள்ளே விடாது.

சரி, கறைக்கு வருவோம்.

நம் ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சாகும். அதிலுள்ள ஹீம் என்ற சிவப்பு நிறமி உடைந்து முதலில் பச்சை நிறமான பிலிவெர்டின் ஆகும், அப்புறம் மஞ்சள் நிறமான பிலிருபின் ஆகும். அடிபட்ட இடம் கன்றிப்போய், பச்சையாகி, மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே நடப்பதும் இதே வேதியியல்தான். கல்லீரல் இந்தப் பிலிருபினைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளிவிடுகிறது. பெரியவர்கள் குடலில் பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுவதால்தான் மலம் பழுப்பு நிறம். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் குடலில் அந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் சரியாகக் குடியேறியிருக்காது. ஆகவே தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் டயப்பரில் நாம் பார்க்கும் அந்தக் கடுகு மஞ்சள் பெரும்பாலும் மாறாத பிலிருபின்தான். அது தண்ணீரில் கரையாது. அதனால்தான் துவைத்துப் பிழிந்த பிறகும் துணியில் மஞ்சள் நிற்கிறது.

எனக்கு இந்தப் பெயர் துவைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே தெரியும். மகள் பிறந்த மூன்றாம் நாள் ரத்தத்தில் பிலிருபின் கூடி, உடம்பில் மஞ்சள் ஏறிவிட்டது, காமாலை. கண்ணைத் துணியால் மறைத்து, வெறும் டயப்பரோடு நீல விளக்கின் அடியில் படுக்க வைத்தார்கள். ஒன்றரை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நீல வெளிச்சத்தில் அவள் விரல்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும், ஒரு நாள் துவைத்த டயப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் போகவே இல்லை. ஈரத்தோடு வெயிலில் விரித்து, கறையின் நட்டநடுவில் ஒரு நாணயத்தை வைத்தேன். மதியம் மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை. நாணயம் இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக, ஓரம் வெட்டினாற்போல், மஞ்சள் அப்படியே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் நாணயம் இல்லாமல் விரித்தேன், அந்த வட்டமும் போய்விட்டது.

கிட்டத்தட்ட இதே காட்சியிலிருந்துதான் மருத்துவமனை நீல விளக்கும் பிறந்தது. இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு மருத்துவமனையில், 1956 கோடையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவுத் தலைமைச் செவிலியரான வார்டு என்பவர் குழந்தைகளை வெயில் படும்படி முற்றத்துக்குக் கொண்டுபோவார். அப்படி வெளியே வைத்திருந்த ஒரு குழந்தையை மருத்துவர்களுக்குக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, போர்வையின் முனை மூடியிருந்த முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் நின்றது. அதே மருத்துவமனையில் வெயில் படும்படி விட்டுவைத்த, ரத்தம் எடுத்த சோதனைக்குழாய் ஒன்றில் பிலிருபின் அளவு இறங்கியிருந்ததும் பின்னர் கவனத்துக்கு வந்தது. கிரெமர் என்ற மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, நீல விளக்குகள் வைத்த கருவி ஒன்றைச் செய்து, சக ஆய்வாளர்களோடு 1958இல் லான்செட் இதழில் எழுதினார். அமெரிக்காவில் லூசி என்பவர் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தி 1968இல் வெளியிட்ட பிறகுதான் அங்கே அது பரவலானது. போர்வை ஓரத்தைக் கவனித்துச் சொன்ன ஒரு செவிலியரின் கண்ணுக்கு என் மகள் கடன்பட்டிருக்கிறாள்.

இனி ஒளி செய்யும் வேலையைப் பார்க்கலாம். பிலிருபினில் நான்கு ஐங்கோண வளையங்கள் வரிசையாகக் கோத்திருக்கும். அவற்றினூடே ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடும் இரட்டைப் பிணைப்புகள் 460 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. நீலம் போனால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள். இந்த வரிசை நடுவில் மடங்கி, பாதி திறந்த புத்தகம் மாதிரி இருக்கும். நீரோடு ஒட்டக்கூடிய பகுதிகளெல்லாம் புத்தகத்துக்குள்ளேயே ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே இருக்கும் நீருக்குக் கை கொடுக்க ஆளில்லை. கரையாததன் காரணம் இந்த மடிப்புதான். கல்லீரல் இதன்மேல் சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறைப் பூட்டித்தான் வெளியேற்றுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் முழுதாகக் கைவந்திருக்காது.

இப்போது ஒரு நீல ஒளித்துகள் வந்து மோதுகிறது. இரட்டைப் பிணைப்பு ஒன்று கண நேரம் தளர்கிறது, ஓரத்து வளையம் ஒன்று திரும்பிவிடுகிறது, உள்ளே கோத்திருந்த பிடிகள் விடுபடுகின்றன. மூலக்கூறில் ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. வடிவம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் இப்போது அது நீரில் கரையும், கல்லீரலின் பூட்டுக்குக் காத்திராமல் வெளியேறும். இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

துணியில் நடப்பது இதற்கு ஒரு படி மேலே. ஒளியை விழுங்கிய பிலிருபின் அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, முறுக்கேறிய ஆக்சிஜன் திரும்பிவந்து வளையங்களை இணைக்கும் பிணைப்புகளையே வெட்டுகிறது. வரிசை துண்டானால் நீல ஒளியை விழுங்க முடியாது, நிறம் போய்விடும்.

ஆக, இங்கே வேலை செய்வது வெயிலின் சூடு அல்ல. உலர்த்தும் இயந்திரத்தில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் இந்தக் கறை போகாது, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால்கூட மெதுவாகப் போகும், ஏனெனில் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதில்லை. என் அனுபவத்தில், காய்ந்த துணியைவிட ஈரத்துணியில் சீக்கிரம் மறைகிறது. ஆனால் வெளியே போடும் நீர்புகா உறையை நிழலிலேயே காயவிடுங்கள், அதிலுள்ள பாலியூரித்தேன் படலமும் எலாஸ்டிக்கும் கடும் வெயிலில் சீக்கிரம் கெடும். கறை போய்விட்டால் கிருமி போய்விட்டது என்றும் நினைக்கக் கூடாது, அதற்கு வெந்நீரும் சோப்பும்தான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். துணிக்கு வெயில் போதும், காமாலை வந்த குழந்தைக்குப் போதாது. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிலிருபின் மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். ரத்தத்தில் அளந்து, அளவான ஒளியில், மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை அது.

கொடியில் காயப்போடுவதற்கு வேறு ஒரு நியாயமும் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் கணக்குப் போட்டபோது, இரண்டரை வருடத்துக்கு ஒரு குழந்தைக்குத் தூக்கியெறியும் டயப்பரால் சுமார் 550 கிலோ, துணி டயப்பரால் சுமார் 570 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான பாதிப்பு என்று வந்தது. துணி என்றாலே பூமிக்கு நல்லது என்று நம்பியிருந்த எனக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் இயந்திரம் நிறையத் துணி சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்குகிறது. நாம் எப்படித் துவைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குடலில் பிலிருபினை மாற்றுவது எந்த நொதி என்பது 2024இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பில்-ஆர் என்று பெயர். நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் தினமும் நடக்கும் ஒரு வேலை, அதைச் செய்வது யார் என்று தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இப்படிப்பட்ட எளிய கேள்விகளுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்க யாரும் தயங்கக் கூடாது என்பது என் கட்சி. பிறந்த முதல் மாதத்தில் நிறையக் குழந்தைகளிடம் இந்த நொதி இருப்பதில்லை என்றும், ஒரு வயதுக்குள் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

மகள் இப்போது பாலோடு மற்றதும் சாப்பிடுகிறாள். நண்பன் வந்துபோன மறுநாள் டயப்பரை அலசும்போது பார்த்தேன், நிறம் பழுப்புக்கு மாறியிருந்தது.