காக்காவையும் விடாம எழுதுங்க

சென்னைல பள்ளிக்கரணை சதுப்புல செப்டம்பர் அக்டோபர் ஆனா ரேடியல் ரோடு ஓரமா பைனாகுலரும் கையுமா ஆளுங்க நிக்கறத பாத்திருப்பீங்க. கொசு உள்ளான்னு ஒரு பறவை, எடை 25 கிராம் பக்கம்தான், ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு அவ்ளோ தூரம் பறந்து நம்ம ஊரு சேத்துக்கு வருது. இந்த மாதிரி வலசை வர்றதெல்லாம் முன்ன விட கம்மியா ஜாஸ்தியா, எந்த வாரம் வருதுன்னு கணக்கு வைக்கறது பெரும்பாலும் சாதாரண ஜனங்கதான், ஐடில வேலை பாக்கறவங்க, ரிட்டையர் ஆனவங்க, ஸ்கூல் பசங்க. காலைல போய் எண்ணிட்டு வந்து இ-பேர்ட்ங்கற பறவை பதிவு தளத்துல, இல்ல அதோட ஆப்ல ஏத்திடறாங்க. 2002ல கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் சேர்ந்து அமெரிக்கால ஆரம்பிச்சது அது.

சரி, ஆளாளுக்கு எண்ணுனா அது எப்படி அறிவியல் ஆகும்? ஒருத்தர் மூணு மணி நேரம் சுத்துவாரு, இன்னொருத்தர் ஆபீஸ் போற வழில பத்து நிமிஷம் பாப்பாரு, ஒருத்தருக்கு உள்ளான் வகையெல்லாம் அத்துப்படி, இன்னொருத்தருக்கு எல்லாமே ஒண்ணாதான் தெரியும். அதனாலதான் பறவை பேரு மட்டும் போதாது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க, எவ்ளோ நேரம் பாத்தீங்க, எவ்ளோ தூரம் நடந்தீங்கங்கறதும் ஆப்ல பதிவாகணும். அப்புறம் கடைசியா ஒரு கேள்வி, அடையாளம் தெரிஞ்ச எல்லா பறவையையும் எழுதிட்டீங்களா? இந்த கேள்விக்கு மனசறிஞ்சு ஆமான்னு சொல்ல முடியறதுதான் இந்த மொத்த விஷயத்துக்கும் உயிர்னு நான் நினைக்கறேன்.

ஏன்னா காக்கா மைனா புறா எல்லாம் எழுதி ஒருத்தர் லிஸ்ட் போட்டு அதுல தகைவிலான்ங்கற வலசைப் பறவை இல்லன்னா, அன்னிக்கு அந்த இடத்துல பாத்தும் அது கண்ணுல படலன்னு அர்த்தம். இல்லைங்கறதும் ஒரு டேட்டா. ஒரு வாரத்துல சென்னைல இருந்து 100 முழு லிஸ்ட் வந்து அதுல 10ல தகைவிலான் இருந்தா 10 சதவீதம், அடுத்த வாரம் 100க்கு 30ல இருந்தா வரத்து ஏறுதுன்னு புரியும், லீவு நாள்ல நிறைய பேர் போனாலும் சதவீதம்ங்கறதால கணக்கு அவ்ளோவா கெடாது. அபூர்வமானத மட்டும் எழுதிட்டு காக்காவ விட்டுட்டா இந்த கணக்கே போட முடியாது.

எண்ணறதுலயும் ஒரு பழக்கம் வேணும். நீலச்சிறகி வாத்து கூட்டமா தலைய முதுகுல செருகி தூங்கிட்டிருக்கும், நடுவுல நாமக்கோழி வேற கலந்து நிக்கும், ஒண்ணொண்ணா எண்ண முடியாது. பத்து வாத்த மட்டும் சரியா எண்ணி அந்த பத்து எவ்ளோ இடம் அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கணும், அப்புறம் அதே அளவ கூட்டம் மேல நகத்திக்கிட்டே போகணும், பத்து, இருவது, முப்பதுன்னு. தோராயம்தான், ஆனா ஒண்ணும் எழுதாம விடறதுக்கு இது எவ்வளவோ மேல். நம்பர் ரொம்ப பெருசா இருந்தாலோ அந்த மாசத்துல இங்க வராத பறவையா இருந்தாலோ ஆப்பே சந்தேகம்னு குறிச்சுடும், அப்புறம் தன்னார்வலர் ஒருத்தர் போட்டோ இருக்கான்னு கேட்டு சரிபாப்பாரு.

சென்னைக்குன்னு ஒரு தனி சிக்கல் இருக்கு, வடகிழக்கு பருவமழை. உள்ளான் மாதிரி கரைப்பறவைங்களுக்கு முழங்கால் அளவு தண்ணி கூட ஆகாது, சேறு தெரியணும், அதுலதான் அலகு விட்டு பூச்சி புழு எடுக்கும். ஐப்பசி மழைல சதுப்பு நெறஞ்சிட்டா அதுங்க ஆழம் கம்மியான வேற இடம் தேடி போயிடும். பள்ளிக்கரணைய மட்டும் பாத்தா எண்ணிக்கை விழுந்துடுச்சுன்னு தோணும், பெரும்பாக்கம், கேளம்பாக்கம், பழவேற்காடுன்னு எல்லா பக்கத்துலயும் ஆளுங்க எண்ணியிருந்தாதான் பறவை கொறஞ்சுதா இல்ல இடம் மாறுச்சான்னு சொல்ல முடியும்.

இப்படி 30,000க்கும் மேல பறவை ஆர்வலர்ங்க போட்ட 3 கோடிக்கும் மேல பதிவ வெச்சுதான் 2023ல இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்துச்சு. நீண்டகால போக்கு கணக்கு பண்ண முடிஞ்ச 338 இனத்துல 60 சதவீத இனங்க எண்ணிக்கைல கொறஞ்சிருக்கு. படிக்கவே வயித்த கலக்குது, ஆனா கொறையுதுன்னு ஆதாரத்தோட சொல்ல முடியுது பாருங்க, அது இந்த லிஸ்ட்டுங்களாலதான்.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை உலகம் பூரா ஒரே நாள்ல எண்ணுவாங்க, அக்டோபர் பிக் டேன்னு பேரு, 2018ல இருந்து நடக்குது. பள்ளிக்கரணைக்குதான் வரணும்னு இல்ல, வியாசர்பாடில மொட்டமாடில நின்னு கால் மணி நேரம் பாத்தாலும் போதும், எந்தெந்த ஏரியால லிஸ்ட்டே இல்லையோ அங்க இருந்து வர்ற ஒண்ணுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி.