எலும்பில்லாத கைக்கு எலும்பு போட்டால்

பிளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளில் மனித உருவம் ஒன்றைச் செதுக்கி அசைய வைப்பது பழகப் பழக வந்துவிடும். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று உள்ளே எலும்புகளைப் போட்டுச் சதையை அவற்றோடு கட்டிவிட்டால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆக்டோபஸிடம் இந்த வித்தை அப்படியே செல்லாது. காரைக்குடியில் கிராஃபிக்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அழகாக ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறான், ஆனால் "அசைச்சா ரப்பர் குழாய் மாதிரி தெரியுது மாமா" என்று ஒரே புலம்பல்.

ரப்பர் குழாயாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. தசைக்குச் சுருங்கத்தான் தெரியும், தானாக நீளத் தெரியாது. நம் கையில் ஒரு தசை சுருங்கி எலும்பை இழுக்கும், எதிர்ப்பக்கத் தசை அதைத் திருப்பி இழுக்கும். எலும்பே இல்லாத கை எப்படி நீளும்? தசையில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. எனவே கையின் கன அளவு எப்போதும் மாறாது. குறுக்குவாட்டில் ஓடும் தசைகள் சுருங்கினால் கை மெலியும், மெலிந்த சதை வேறெங்கும் போக வழியில்லாமல் நீளவாட்டில் போகும். நீளத் தசைகள் சுருங்கினால் கை குட்டையாகித் தடிக்கும், ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் அந்தப் பக்கம் வளையும். சாய்வாகச் சுற்றி ஓடும் தசைகள் முறுக்குவதற்கு. எல்லாம் ஒரே நேரத்தில் இறுகினால் கை விறைத்துக் கம்பாகிவிடும்.

கீர், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் இந்த அமைப்புக்கு மஸ்குலர் ஹைட்ரோஸ்டாட் என்று பெயர் வைத்தார்கள். நம் நாக்கும் இதே ரகம்தான். செட்டிநாட்டு வீடுகளின் நிலைவாசலுக்கு மேலே தேக்கில் கஜலட்சுமி செதுக்கியிருப்பார்களே, அவளுக்கு இருபுறமும் நிற்கும் யானைகளின் தும்பிக்கையும் இதே ரகம்.

கணக்கு எளிது. கை இரண்டு மடங்கு நீண்டால் அதன் தடிமன் சுமார் 70 சதவீதமாகக் குறைய வேண்டும். சாதாரணமாக இழுத்தால் மென்பொருள் இதைச் செய்யாது, நீளத்தை மட்டும் கூட்டிவிட்டுத் தடிமனை அப்படியே விட்டுவிடும், அதாவது எங்கிருந்தோ புதுச் சதை வந்துவிடும். நம் கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று மட்டும் பட்டுவிடும். பிளெண்டரில் ஸ்ட்ரெச் டூ என்ற கட்டுப்பாட்டில் கன அளவைக் காக்கும் வசதி உண்டு, அதை மாடலுக்குள் போட்ட எலும்புகளுக்குக் கொடுத்தாலே பாதிப் புலம்பல் தீரும்.

மீதிப் பாதி, வளைவு எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. ஆக்டோபஸ் எதையாவது எட்டிப் பிடிக்கும்போது கையில் ஒரு வளைவு உருவாகி அடியிலிருந்து நுனி நோக்கி ஓடும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், மூளையோடு தொடர்பு அறுக்கப்பட்ட கையின் நரம்பைத் தூண்டினாலும் அதே வளைவு அதே மாதிரி ஓடுவதை 2001-இல் காட்டினார்கள். சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன, பிறகு ஏன் ஓடாது! ஆகவே அனிமேஷன் செய்பவர் கை முழுவதையும் புள்ளி புள்ளியாக நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம், ஒரே ஒரு வளைவை ஓட்டினால் போதும். வேடிக்கை என்னவென்றால், பிடித்த இரையை வாய்க்குக் கொண்டுவரும்போது மட்டும் இதே கை முழங்கை, மணிக்கட்டு போலத் தற்காலிக மூட்டுகளை உண்டாக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மூட்டு காணாமல் போய்விடும்.

சரி, உருவத்துக்கு வருவோம். ஒரு கையைச் செய்து வட்டமாக எட்டுப் பிரதி எடுப்பது எல்லாரும் செய்கிற குறுக்குவழி. நட்சத்திர மீனுக்கு அது பொருந்தும். ஆக்டோபஸுக்கு இடது நான்கு, வலது நான்கு என்றுதான் கணக்கு, ஆணாக இருந்தால் பெரும்பாலான இனங்களில் வலது மூன்றாவது கையின் நுனி வேறு மாதிரி இருக்கும், விந்துப் பொதியைப் பெண்ணிடம் சேர்ப்பது அந்தக் கைதான். பெரிய மண்டை என்று நினைத்துப் பலர் செதுக்குவது மண்டையே இல்லை, மூன்று இதயங்களும் செவுள்களும் குடலும் அடங்கிய உடல் அது. வட்டமான கண்பாவையும் வேண்டாம். பாவை கிடைக்கோடாக இருக்கும், உடலைச் சாய்த்தாலும் அந்தக் கோடு கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே நிற்கும்.

தோல்தான் மிகவும் சிரமம். தொண்டிக் கரையில் அப்போதுதான் இறக்கிய பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, கிட்டத்தில் பாருங்கள். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் தோலில் பழுப்புப் புள்ளிகள் குண்டூசித் தலை அளவுக்கு விரிவதும் ஒடுங்குவதுமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறமிப் பை, சுற்றிலும் குட்டித் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி மறையும். நரம்பு நேராகத் தசைக்கே வருவதால் ஒரு நொடிக்குள் உடம்பின் நிறமே மாறிவிடும். கூடவே தோலில் முள் முள்ளாக மேடுகளும் கிளம்பும், அவையும் எலும்பில்லாத தசை வேலைதான். ஆகவே நிறத்தை ஒரே படமாக மேலே ஒட்டாமல், புள்ளிகளின் அளவு மாறும்படி ஷேடர் (மேற்பரப்பின் நிறத்தைக் கணக்கிடும் நிரல்) எழுதுவதும், மேடுகளைத் தனி ஷேப் கீயாக (உருவத்தின் மாற்று வடிவமாக) வைப்பதும் நல்லது.

த்ரீடி பிரிண்ட் எடுக்க மட்டும்தான் மாடல் என்றால் இந்த அசைவு வேலையெல்லாம் தேவையில்லை. கை நுனிகளைச் சுருட்டி உடலையோ அடித்தளத்தையோ தொடும்படி வைத்துவிடுங்கள், அந்தரத்தில் நீட்டி வைத்தால், அச்சிடும்போது அதைத் தாங்கும் சப்போர்ட்டைப் பிய்க்கும்போது முதலில் உடைவது அதுதான்.