ஒளியியல் கேபிளா, ஒளியிழை வடமா?

இணையத்தின் வழியே பாட்டுக் கேட்பதற்கான சிறு பெட்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதனுடன் வந்த தமிழ்க் கையேட்டில், “ஒளியியல் கேபிள் அல்லது ஒப்புமை கேபிளைத் தேர்ந்தெடுக்கவும்” என்று ஒரு வரி இருந்தது. தொலைக்காட்சிக் கையேடுகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் இந்த ‘ஒளியியல் கேபிளை’ப் பலமுறை கண்டு சகித்துக்கொண்டவன்தான், இம்முறை இயலவில்லை.

ஒலியை ஒளியாக ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் வடம் இது; ஆங்கிலத்தில் ‘ஆப்டிகல் கேபிள்’. ஆப்டிகல் என்பது பார்வையைச் சார்ந்தது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைகள் ‘ஆப்டிகல்ஸ்’ என்று பலகை மாட்டுவது அந்தப் பழம்பொருளுக்கு மிக நெருக்கமானது. ஒளியைச் சார்ந்தது என்ற பொருள் பிறகு சேர்ந்தது.

தமிழில் கோளாறு ‘இயல்’ என்னும் ஈற்றில் இருக்கிறது. ஒளியியல் என்பது ஒளியை ஆராயும் இயற்பியல் பிரிவு. மின்சாரம் பாயும் கம்பியை மின்கம்பி என்கிறோமே தவிர, மின்னியல் கம்பி என்று எவரும் சொல்வதில்லை; காற்றுப் போக வைத்த சாளரத்துக்கும் நீர் வரும் குழாய்க்கும் எந்த இயலும் தேவைப்படவில்லை. ஒளி போகும் வடத்துக்கு மட்டும் ஒரு பாடப்பிரிவின் பெயரைச் சூட்டுவானேன்? ஆங்கிலப் பெயரடையைக் கண்டதும் அகராதியில் முதலில் கிடைக்கும் துறைப்பெயரை எடுத்து ஒட்டிவிடும் பழக்கமே காரணம். டிஜிட்டல் சில இடங்களில் ‘இலக்கவியல்’ ஆனதும் இதே நோயால்தான்.

‘கண்ணாடி இழை வடம்’ என்பார் சிலர். ஊர்களுக்கிடையே மண்ணுக்கடியில் செல்லும் தகவல் தொடர்பு வடத்துக்கு அது பொருந்தும், ஏனெனில் அதன் உள்ளே இருப்பது உண்மையிலேயே கண்ணாடி. வீட்டு ஒலிக்கருவிகளில் செருகும் வடமோ 1983இல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த டாஸ்லிங்க் வகையைச் சேர்ந்தது. அதன் இழை பெரும்பாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக், அதனுள் ஓடுவது சிவப்பு ஒளி. பிளாஸ்டிக்கைக் கண்ணாடி என்பது எந்தத் தமிழுக்கும் அழகில்லை. அதோடு, கடற்கரையில் கண்ணாடியிழைப் படகு என்றால் வேறு பொருள். அதில் ஒளிக்கு வேலையே இல்லை.

எனவே, எதனால் செய்யப்பட்டது என்பதை விட்டு, எது செல்கிறது என்பதைச் சொல்லும் ‘ஒளியிழை வடம்’ என்பதே தகும். வடம் என்றால் தேர் இழுக்கும் கயிறாயிற்றே, இந்த மெல்லிய வாலுக்கு அது பொருந்துமா என்பாருக்கு, கழுத்தில் போடும் இரட்டைவடச் சங்கிலியை நினைவூட்டுகிறேன்.

ஒப்புமைக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது அனலாக். அனலாக் என்பதன் கிரேக்க மூலம் விகிதத்துக்கு ஏற்ப அமைந்தது என்று பொருள்படும். ஒலியின் அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப வடத்தில் மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. ஆகவே ஒப்புமை என்பதில் பொருட்பிழை இல்லை. ஆனால் தமிழ் படித்தவன் காதில் அது உவமை அணியாகத்தான் விழும். மாற்றாகச் சொல்லப்படும் ‘தொடர்முறை’ இன்னும் மோசமானது. ஒன்றன்பின் ஒன்றாகத் துணுக்குகளை (பிட்டுகளை) அனுப்பும் முறைக்கும் நாம் ‘தொடர்’ என்றே பெயர் வைத்திருக்கிறோம்; அப்படி அனுப்புவது இந்த ஒளியிழை வடமேயன்றி அனலாக் வடமன்று! தெளிவுக்குக் கேடு செய்யும் தூய்மை எனக்கு வேண்டாம். நல்ல சொல் அமையும்வரை அனலாக் என்றே எழுதுவேன்.

மொழிபெயர்ப்பாளர் கருவியின் பின்புறத்தை ஒருமுறை பார்த்திருந்தால், இவ்விரண்டும் நேர் எதிர்ச்சொற்கள் அல்ல என்பதும் விளங்கியிருக்கும். ஒளியிழை என்பது செல்லும் வழியைக் குறிக்கிறது, அனலாக் என்பது குறிகையின் (சிக்னலின்) வடிவத்தைக் குறிக்கிறது. அனலாக் வடத்துக்குரிய அதே ஆர்சிஏ முனையுள்ள செப்பு வடத்திலும் டிஜிட்டல் ஒலி செல்லும். வாங்குபவர் அறிய வேண்டியது, டிஜிட்டல் ஒலியின் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் ஒலிமாற்றியின் வேலை எங்கே நடக்கிறது என்பதுதான்: ஒளியிழை வடம் என்றால் பெருக்கியில் (ஆம்ப்ளிஃபையரில்), அனலாக் வடம் என்றால் பாட்டுப் பெட்டியிலேயே. கருவிகளுக்கிடையே மின்தொடர்பு இல்லாததால், செப்பு வடத்தில் சில வீடுகளில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒளியிழை வழியே வராது என்பதும் கருதத்தக்கது.

அந்த வரியை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: “உங்கள் பெருக்கியில் ஒலிமாற்றி நன்றாக இருந்தால் ஒளியிழை வடத்தைச் செருகுங்கள்; பெருக்கி பழையதாகி, அதற்கான துளை இல்லையெனில், சிவப்பு வெள்ளை முனைகள் கொண்ட அனலாக் வடத்தைச் செருகுங்கள்.”