வரி மாறும்போது எந்தக் கோப்பு மாறுகிறது?

2015 ஏப்ரல் 1 அன்று மலேசியாவில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) நடப்புக்கு வந்தது. 2018 ஜூன் 1 முதல் அது சுழியம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும் உணவுக்கு 6 என்றே விடப்பட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் ஒரு தங்கும் விடுதியின் பில் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஒரு விகிதம், சாப்பாட்டுக்கு வேறு விகிதம், இரண்டும் ஒரே பில்லில் வரவேண்டும். அதுவரை ஒற்றை எண்ணாக இருந்த வரி விகிதம் ஓர் அட்டவணையாக மாறியாக வேண்டும். மென்பொருளில் பிழை ஏதும் இல்லை, மாறியது நாட்டின் சட்டம்.

உலகத்தோடு ஒட்டி வேலை செய்யும் மென்பொருள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது மென்பொருள் ஆய்வாளர் மெய்ர் லேமன் 1970களில் வகுத்த முதல் விதி. அவரும் லாஸ்லோ பெலாடியும் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் வெளியீடுகளை அடுத்தடுத்து அளந்தே இந்தத் துறையைத் தொடங்கினார்கள். சிக்கல் கூடக்கூட வளர்ச்சி மெதுவாகும் என்பது அந்த ஆய்வு மரபின் எதிர்பார்ப்பு. ஆனால் 2000இல் லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளகமான கெர்னலை அளந்த ஆய்வாளர்கள் காட்ஃப்ரீயும் டூவும் அதன் வளர்ச்சி வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டார்கள். வளர்ச்சியில் பெரும்பங்கு, வன்பொருளை இயக்கும் நிரல்களான சாதன இயக்கிகளுடையது. புது அட்டைக்குப் புது இயக்கி சேர்ந்தால் மொத்த நிரல் வரிகள் கூடும், மையப் பகுதி அசையாமல் இருக்கலாம். அதனால் மொத்த நிரல் வரி எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மென்பொருளின் நிலையைச் சொல்ல முடியாது. மாற்றம் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியைப் பயன்படுத்தும் எல்லா அணிகளிடமும் அதற்கான தரவு ஏற்கெனவே இருக்கிறது. ‘கிட் லாக்’ கட்டளையை ‘நம்ஸ்டாட்’, ‘நோ-மெர்ஜஸ்’ தெரிவுகளோடு ஓட்டினால், ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒருமுறை பதிந்த மாற்றத் தொகுப்புக்கும்) கீழே கோப்பு வாரியாக மூன்று பத்திகள் வரும்: சேர்த்த வரிகள், நீக்கிய வரிகள், கோப்பின் பாதை. படம் போன்ற பைனரி கோப்பு என்றால் எண்களுக்குப் பதில் சிறு கோடு இருக்கும். ஒரே வரியில் 6ஐ 8 ஆக்கினாலும் 1 சேர்ப்பு, 1 நீக்கம் என்றே பதிவாகும், ‘திருத்தம்’ என்ற கணக்கு அதில் கிடையாது. சேர்ப்பையும் நீக்கத்தையும் கூட்டினால் கிடைப்பது கொந்தளிப்பு, அலுவலகப் பேச்சில் ‘சர்ன்’.

இந்த எண்களை அப்படியே வரைபடமாக்கினால் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவோம். 400 வரிக் கோப்பு ஒன்றை யாரோ விண்டோஸ் கணினியில் திறந்து, வரிமுடிவுக் குறி மாறியபடியே சேமித்துவிட்டால் 400 சேர்ப்பு, 400 நீக்கம் என்று பதிவாகிவிடும். நிரலின் பொருளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. நிரலின் இடைவெளிகளையும் அமைப்பையும் ஒழுங்குபடுத்தும் வடிவமைப்புக் கருவியை முதன்முதலில் ஓட்டும் நாளிலும் இதே கதைதான். வேறிடத்திலிருந்து நகலெடுத்த நூலகங்கள், தானாக உருவாகும் கோப்புகள், நூலகங்களின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ‘பேக்கேஜ்-லாக்’ போன்ற கோப்புகள் ஆகியவற்றைப் பாதை வாரியாக முதலில் விலக்கிவிட வேண்டும். பெயர் மாற்றம் இன்னொரு பொறி. உள்ளடக்கம் பாதியாவது ஒத்திருந்தால்தான் கிட் அதைப் பெயர் மாற்றம் என்று கொள்ளும், இல்லாவிட்டால் பழைய கோப்பு அழிந்து புதியது பிறந்ததாகவே எண்ணும். ஒரே கமிட்டில் ஏராளமான கோப்புகள் இடம்பெயர்ந்தால், ஓரளவு மட்டுமே ஒத்தவற்றைத் தேடுவதையே அது விட்டுவிடும். அதற்கான வரம்பை உயர்த்தித்தான் ஓட்ட வேண்டும்.

ஆட்களை எண்ணும்போது மலேசியாவாகிய நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும். ஒருவரின் பெயர் அலுவலகக் கணினியில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) சேர்த்துத் தந்தை பெயரோடு இருக்கும், வீட்டு மடிக்கணினியில் சுருக்கப் பெயராக இருக்கும். கிட் அவரை இரண்டு பேராக எண்ணும். ‘மெயில்மேப்’ கோப்பில் இரண்டையும் இணைத்துவிட்டால் சரியாகும். நேரமும் அப்படித்தான். கோலாலம்பூரில் மார்ச் 1 அதிகாலை 1 மணிக்குப் போட்ட கமிட், சென்னையில் முந்தைய நாள் இரவு 10.30. மாத வாரியாகப் பிரிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே நேர மண்டலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கும் ‘ரீபேஸ்’ செய்தால் கமிட் தேதி மாறிவிடும், எழுதிய தேதி மாறாது. வேலை நடந்த காலம் வேண்டுமென்றால் எழுதிய தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகும் சர்ன் எண்ணைத் தனியாக நம்பக்கூடாது. 200 வரி மாற்றம் 10,000 வரிப் பகுதியில் சாதாரணம், 300 வரிப் பகுதியில் அது கிட்டத்தட்ட மறு எழுத்து. ஆய்வாளர்கள் நாச்சியப்பன் நாகப்பனும் தாமஸ் பாலும் 2005இல் விண்டோஸ் சர்வர் 2003ஐ வைத்துக் காட்டியதும் இதைத்தான்: பகுதியின் அளவோடு ஒப்பிட்ட சர்ன், எங்கே பிழை அடர்த்தியாக இருக்கும் என்பதை நன்றாக முன்கூட்டிச் சொன்னது, வெறும் சர்ன் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் பார்வையில் மிகவும் பயன் தருவது சேர்ந்து மாறும் கோப்புகளின் கணக்கு. வரி விகிதக் கோப்பு 40 கமிட்டுகளிலும், பில் அச்சிடும் கோப்பு 25 கமிட்டுகளிலும் மாறி, அவற்றில் 20இல் இரண்டும் சேர்ந்தே மாறியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். அச்சுக் கோப்பைத் தொட்டபோதெல்லாம் 80 விழுக்காடு வரிக் கோப்பையும் தொட்டிருக்கிறார்கள். நிரலில் ஒன்று மற்றொன்றை அழைக்காவிட்டாலும் இந்தப் பிணைப்பு வெளிப்படும். காரணம் பெரும்பாலும் எளிது: விகிதத்தை ஒரே இடத்திலிருந்து எடுக்காமல் அச்சுக் கோப்பிலும் நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த வரி மாற்றத்தில் ஒன்றை மட்டும் திருத்தினால் திரையில் 8 தெரியும், தாளில் 6 அச்சாகும். இந்தக் கணக்கில் பெரிய கமிட்டுகளைத் தள்ளிவைக்க வேண்டும். 200 கோப்புகளைத் தொட்ட ஒரே கமிட் 19,900 பொய்ச் சோடிகளை உண்டாக்கும். 50 கோப்புகளுக்கு மேல் போனால் விலக்குவது நியாயமான தொடக்கம்.

கடைசியாக, நிரல் வரிகளின் ஆயுள். ஆண்டுக்கு ஒரு புள்ளியைத் தேர்ந்து, ஒவ்வொரு கோப்பிலும், வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் ‘கிட் பிளேம்’ ஓட்டி, அந்தப் புள்ளியில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று எண்ண வேண்டும். இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும் தெரிவைச் சேர்ப்பது அவசியம். வடிவமைப்புக் கமிட்டுகளின் பட்டியலைத் தனிக் கோப்பில் கொடுத்தால் 2019இல் வந்த கிட் 2.23 முதல் அவற்றையும் தாண்டிச் செல்லும். பெரிய களஞ்சியத்தில் இது நேரம் பிடிக்கும் வேலை, இரவில் ஓட விடுவது நல்லது. முடிவில் 2015க்கு முந்தைய வரிகள் ஒரு பகுதியில் அப்படியே நிற்பது தெரிந்தால் உடனே அதை ‘உறுதியான பகுதி’ என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அந்தப் பகுதிக்குச் சோதனைகள் இருக்கின்றனவா, எழுதியவர்களில் யாராவது இன்னும் அணியில் இருக்கிறார்களா, அதைத் தொடாமல் சுற்றிச் செல்ல அருகில் புதுக் கோப்புகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சோதனையும் இல்லை, ஆளும் இல்லை, சுற்றுவழிகள் மட்டும் பெருகியிருக்கின்றன என்றால், அந்த வரிகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாரும் கைவைக்கத் துணியாததுதான்.