மணவாளக்குறிச்சி மணலும் காரீயத்தின் அணு நிறையும்

தனிம வரிசை அட்டவணையில் காரீயத்தின் அணு நிறை 207.2. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்திலிருந்து காரீயத்தைப் பிரித்து அளந்தால் அதைவிடக் கூடுதலாக வரும். ஏன் என்று பார்க்க, முதலில் 207.2 எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

சாதாரணக் காரீயத்தில் நான்கு ஐசோடோப்புகள், அதாவது நிறையில் வேறுபடும் அணு வகைகள், உண்டு. நூறு அணுக்களில் 1.4 காரீயம்-204, 24.1 காரீயம்-206, 22.1 காரீயம்-207, 52.4 காரீயம்-208. ஒவ்வொன்றின் நிறையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்:

203.973 × 0.014 = 2.856
205.974 × 0.241 = 49.640
206.976 × 0.221 = 45.742
207.977 × 0.524 = 108.980

கூட்டினால் 207.218, ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 207.2.

மாணவர்கள் அதிகம் தவறுவது 204, 206 போன்ற நிறை எண்ணையே நிறையாக எடுத்துக்கொள்வதில்தான். காரீயத்தில் அந்தப் பிழை வெளியே தெரியாது, 207.24 வந்து, சுருக்கும்போது மறைந்துவிடும். குளோரினில் மாட்டிக்கொள்வோம். 35, 37 என்று போட்டால் 35.48 வரும், உண்மையான நிறைகளான 34.969, 36.966 ஆகியவற்றை 75.76, 24.24 சதவீதங்களோடு போட்டால்தான் 35.45 கிடைக்கும். உட்கருவின் பிணைப்பு ஆற்றலுக்காக நிறையில் ஒரு சிறு பகுதி குறைந்திருப்பதே காரணம். இன்னொன்று: சதவீதம் அணு எண்ணிக்கையில் இருக்க வேண்டும், எடையில் அல்ல. பங்குகளின் கூட்டுத்தொகை 1 தானா என்று பார்த்துவிட்டே பெருக்குங்கள். இடையில் எங்கும் சுருக்காதீர்கள்.

இனி மோனசைட்டுக்கு வருவோம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கடற்கரையில் அடையாளம் கண்ட இந்தக் கனிமத்தில் தோரியம் நிறைய உண்டு. தோரியம்-232, நிறை எண் 4 கொண்ட ஆல்ஃபா துகள்கள் ஆறை வெளியிட்டுக் காரீயம்-208 ஆகிறது: 232-இல் 24 போக 208. உடன் இருக்கும் கொஞ்சம் யுரேனியம்-238 எட்டு ஆல்ஃபாக்களை இழந்து காரீயம்-206 ஆகிறது. தோரியத்தின் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 1,405 கோடி ஆண்டு, யுரேனியத்தினுடையது 447 கோடிதான். அதனால் அளவில் மிகக் குறைவான யுரேனியமும் கணிசமான 206-ஐத் தந்துவிடும். பயிற்சிக்காக 208-க்கு 90 சதவீதம், 206-க்கு 9, 207-க்கு 1 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். விடை 207.79.

கனிமத்துக்குக் கனிமம் இப்படி மாறுவதால்தான் காரீயத்துக்கு ஐயூபேக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பு இப்போது 206.14 முதல் 207.94 வரை என ஓர் இடைவெளியையே தருகிறது. அதன் மேல் எல்லையும் ஒரு மோனசைட்டில் அளந்ததுதான்: வடமேற்கு ஸ்காட்லாந்தில் கிடைத்தது. கடையில் வாங்கும் காரீயத்துக்கு 207.2 போதும். மோனசைட்டில் பிரித்த காரீயமென்றால் அட்டவணையை நம்பாமல், நிறை நிறமாலைமானியில் ஐசோடோப்புப் பங்குகளை அளந்து, மேலே உள்ள அதே பெருக்கலைச் செய்ய வேண்டும்.